விரலைப் பற்றிய கன்று

தாயை இழந்து காட்டில் கதறிய பன்றிக் குட்டிகளின் பசி பொறாமல், தானே தாய்ப்பன்றியாகி வந்து பால் சுரந்த பெருமானின் திருவடி நம் சென்னிமேல் நிற்பதாக. பசித்த வாயின் முன்னே எந்த வடிவமும் தனக்குத் தாழ்வன்று என்றிருந்த அந்தக் கருணையை நினைந்து, ஒரு கன்றின் கதையைச் சொல்லத் தொடங்குவோம்.

மலையடிவாரத்தில் வெண்பாறை என்றோர் ஊர். அங்கே ஒரு சைவ மடம். மடம் என்றதும் யானையும் பல்லக்கும் நினைவுக்கு வரவேண்டாம். ஓடு வேய்ந்த பூசை அறை ஒன்று, சமையற்கட்டு ஒன்று, பதினொரு பசுக்கள் நிற்கும் கொட்டில் ஒன்று. மூன்றிலும் பெரியது கொட்டில்தான்.

மடத்துக்குத் தலைவர் ஐயாறப்ப அடிகள். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய சீடர் சிற்றம்பலத்துக்கோ அறுபத்தொன்று. உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்தபின் மடத்துக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆயிரம் பிள்ளைகளுக்கு விடை சொன்னவர், மடத்துக்கு வந்த நாள்முதல் கேள்வியே உருவாகிவிட்டார். விளக்குக்கு எத்தனை இழைத் திரி என்பதையும் அடிகளைக் கேட்டே போடுவார். ஒருநாள் வெயிலில் காய்ந்த வறட்டியின்மேல் மழை விழுந்தது. எடுத்து உள்ளே வைக்கலாமா என்று கேட்க நனைந்துகொண்டே ஓடினார். விடையோடு திரும்பியபோது வறட்டி கரைந்திருந்தது.

தை மாதத்தின் கடைசியில், மலைக்கு அப்பாலுள்ள காரைமேட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கிருந்த கிளை மடத்தை நாற்பதாண்டுகள் நடத்திய முதியவர் சிவபதம் சேர்ந்துவிட்டார். மலையேறி வரும் வழிப்போக்கருக்கு அங்கே நாள்தோறும் சோறு உண்டு. ஆள் இல்லையென்றால் அடுப்பு அணைந்துவிடும்.

அடிகள் சிற்றம்பலத்தை அழைத்தார்.

“பங்குனி உத்திரம் முடிந்ததும் காரைமேட்டை நீர் ஏற்றுக்கொள்ளும்.”

சிற்றம்பலத்தின் முகம் வெளுத்தது.

“சுவாமி, என்னால் இயலாது.”

“எது இயலாது? பூசையா, சமையலா?”

“பூசை தெரியும். சமையலும் ஒருவாறு வரும். தங்களைக் கேளாமல் ஒன்றைச் செய்வதுதான் வராது. அங்கே ஓர் ஐயம் எழுந்தால் யாரிடம் ஓடுவேன்? குரு அருகில் இல்லாத சீடன் எதைப் பற்றிக்கொண்டு நிற்பான்? இதற்கொரு விடை சொல்லுங்கள். சொன்னால் போகிறேன்.”

அடிகள் வாய் திறக்குமுன் கொட்டிலிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பசுக்களைப் பார்த்துக்கொள்ளும் வேடியம்மாளின் குரல்.

“சாமீ! செவலை கன்னு போட்டுட்டா! எழுந்திருக்க மாட்டேங்கிறா, ரத்தம் நிக்கல!”

“முதலில் கொட்டிலுக்கு வாரும்” என்று அடிகள் எழுந்தார்.

செவலைப் பசு சாய்ந்து கிடந்தது. அதன் பின்னால் ஈரம் உலராத ஒரு கிடாரிக் கன்று. வேடியம்மாள் தாயின் மடியைக் கழுவி, வாளியை வைத்துக் கறக்க உட்கார்ந்தாள். சிற்றம்பலம் பதறித் தடுத்தார்.

“நஞ்சுக்கொடி விழட்டும் அம்மா. விழுமுன் கறக்கலாகாது, கன்றுக்கும் கொடுக்கலாகாது என்பார்கள் எங்கள் ஊரில்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான் சொன்னாங்க, வாத்தியாரய்யா. கொடி விழற வரைக்கும் கன்னு பட்டினி கெடக்கும். பாதி கன்னு செத்துச்சு. அப்புறந்தான் எங்களுக்குப் புத்தி வந்துச்சு. தள்ளுங்க.”

மஞ்சளாய், கெட்டியாய்ச் சீம்பால் இறங்கியது.

“இது பால் இல்லீங்க, மருந்து. பொறந்த ஒரு மணி நேரத்துல வயித்துக்குள்ள போயிடணும். இதைத் தப்ப விட்டா அப்புறம் குடம் குடமா ஊத்தினாலும் ஈடாகாது.”

கறந்து முடித்த சிறிது நேரத்தில் செவலை கண்ணை மூடிக்கொண்டது. வேடியம்மாள் அதன் நெற்றியில் கைவைத்து ஒரு கணம் இருந்தாள். பிறகு எழுந்து கன்றின் தொப்புளுக்கு மருந்து தடவினாள். அழுவதற்கு அவளுக்கு நேரம் இல்லை.

கன்று தள்ளாடி எழுந்தது. மற்றப் பசுக்கள் எதுவும் அதை அண்ட விடவில்லை. சிற்றம்பலம் அதன்முன் வாளியை வைத்தார். அது வாளியைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் தூக்கித் தூக்கிக் காற்றில் எதையோ தேடியது. அவர் அதன் தலையைப் பிடித்துக் கீழே அழுத்தினார். மூக்கில் பால் ஏறித் தும்மியது.

“மூங்கில் குழாயில் எடுத்துத் தொண்டையில் ஊற்றிவிடலாமா?”

“ஊத்துங்களேன். பாதி வயித்துக்குப் போகும், பாதி நெஞ்சுக்குப் போகும். ஆயி பக்கத்துலயே மகளுக்கும் ஒரு குழி வெட்டிடலாம்.”

சிற்றம்பலம் குழாயைத் தேடுவதை விட்டார்.

அடிகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இரண்டு விரல்களைச் சீம்பாலில் நனைத்துக் கன்றின் வாயில் வைத்தார். அது தாயின் காம்பென்று எண்ணிப் பற்றி இழுத்தது. அது இழுக்க இழுக்க, அவர் கை மெல்லத் தாழ்ந்தது. கன்றின் முகமும் தாழ்ந்தது. கை வாளிக்குள் இறங்கியது. விரலைச் சுற்றிப் பால் சுழன்றது. சிறிது நேரத்தில் வாளியின் அடி தெரிந்தது.

சிற்றம்பலம் கண்கலங்கிக் கைகூப்பினார்.

“நாளைமுதல் இந்த வேலை உம்முடையது” என்றார் அடிகள்.

“என் கேள்வி, சுவாமி?”

“கன்று பிழைக்கட்டும்.”

அடிகள் போனபின் வேடியம்மாள் சொன்னாள்: “நாலு நாள் விரல் குடுங்க, வாத்தியாரய்யா. அஞ்சாம் நாள் அது குடிச்சிட்டு இருக்கும்போதே நைசா உருவிடுங்க. மூணு தடவை உருவினா நாலாம் தடவை தானா குனியும்.”

சிற்றம்பலம் கன்றுக்குச் சிவகாமி என்று பெயரிட்டார். அதை நிறுத்துப் பார்த்ததில் இருபது கிலோ இருந்தது. எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பது கணக்கு. நாளொன்றுக்கு இரண்டு லிட்டர். அதை மூன்று வேளையாய்ப் பிரித்தார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார். வாளியை வெந்நீரில் கழுவிக் கவிழ்ப்பார். ஒரு வேளையும் பிந்தியதில்லை, ஒரு துளியும் மிகுந்ததில்லை. விரலைக் கொடுத்துக்கொண்டே திருமுறை ஓதுவார். சிவகாமி கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும்.

ஐந்தாம் நாள் வந்தது. அவர் விரலை உருவினார். கன்று தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்து, “ம்பா” என்றது. மனைவி போன பிறகு அவரை அப்படி யாரும் தேடியதில்லை. விரலைத் திரும்ப வைத்தார்.

பத்தாம் நாளும் வைத்தார். பதினைந்தாம் நாளும் வைத்தார்.

“வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் வேடியம்மாள். “கன்னுக்கு விரல் வேணுமா, விரலுக்குக் கன்னு வேணுமா?”

“விரல் இல்லாமல் குடிக்க மறுக்கிறதே அம்மா.”

“மறுக்கத்தான் மறுக்கும். நீங்க ஒரு தடவையாவது மறுத்தீங்களா?”

அவர் கேளாதவர்போல் வாளியைக் கழுவினார்.

அவள் ஒரு பிடி காய்ந்த புல்லைக் கட்டி, கன்றின் முகத்துக்கு எட்டும்படி தொங்கவிட்டாள். இடித்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தவிடு மூன்றையும் கலந்து ஒரு சட்டியில் வைத்தாள். சிற்றம்பலம் சட்டியை நகர்த்தினார்.

“பல் முளைக்காத பச்சைப் பிள்ளை. இப்போதே தீவனமா?”

வேடியம்மாள் சிரித்த சிரிப்பில் பசுக்கள் திரும்பிப் பார்த்தன.

“கன்னு பல்லோடதான் பொறக்குதுங்க! தினம் மூணு வேளை ரெண்டு விரலை உள்ள விடறீங்களே, இது தெரியலையா? பாலு மட்டும் குடிச்சா தோல் பளபளன்னு இருக்கும். வயிறு வளராது. மாட்டு வயிறு மென்னு மென்னுதான் வளரணும்.”

சட்டி திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தது. ஆயினும் சிவகாமி அதை முகர்ந்துவிட்டு அவர் கையைத் தேடி வந்துவிடும். அதே வாரம் பிறந்த மற்றொரு கன்று புல்லை மென்று, வயிறு உருண்டு, கொட்டிலெங்கும் துள்ளியது. சிவகாமி துள்ளுவதில்லை. கதவருகே நின்று, அவர் காலடி ஓசைக்குக் காதை நிமிர்த்தி வைத்திருக்கும். சிற்றம்பலம் அதை அன்பு என்று கண்டார்; அது அன்பும்தான்.

இருபத்தைந்தாம் நாள் அடிகள் சொன்னார்:

“காரைமேட்டில் நாளை பிரதோஷம். பூசை செய்ய ஆளில்லை. நீர் போய்ச் செய்துவிட்டு மறுநாள் திரும்பும்.”

“கன்று, சுவாமி?”

“வேடியம்மாள் இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.”

சிற்றம்பலம் மலையேறினார். காரைமேட்டில் அபிடேகம் செய்தார், தீபம் காட்டினார், வந்தவர்க்குச் சோறிட்டார். சோறு குழைந்ததா இல்லையா என்று கேட்க ஆளின்றித் தாமே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துக்கொண்டார். கையைக் கழுவும்போதெல்லாம் விரல் அவருக்குச் சிவகாமியை நினைவூட்டியது. மறுநாள் விடிந்ததும் புறப்பட்டவர், நண்பகலில் வெண்பாறையை அடைந்தார். காலைக்கூடக் கழுவாமல் கொட்டிலுக்குள் நுழைந்தார்.

சிவகாமி வைக்கோல்மேல் கிடந்தது. கண்கள் குழிந்திருந்தன. மூக்கு வறண்டிருந்தது.

“நாலு வேளை” என்றாள் வேடியம்மாள். அவள் குரலில் கேலி இல்லை. “நாலு வேளையா வாளியைத் தொடல. என் விரலைத் துப்பிடுச்சு. புகையிலைக் கைன்னு நெனச்சுச் சமையக்காரரைக் குடுக்கச் சொன்னேன். அதையும் துப்பிடுச்சு. மொத மொதல்ல ஊட்டின சாமி கையக்கூட வேண்டாம்னுடுச்சு. துணியை நனைச்சுப் பிழிஞ்சதுல ரெண்டு மூணு வாய் உள்ள போயிருக்கும். அதாலதான் உசுரு நிக்குது.”

சிற்றம்பலம் தொட்டிக்கு ஓடிக் கையைக் கழுவினார்.

“பாலைக் காய்ச்சிக் கொண்டு வாம்மா! இதோ இப்போது குடித்துவிடும்.”

“குடிக்கும்” என்றது ஒரு குரல். தூணருகே அடிகள் தரையில் அமர்ந்திருந்தார். காலைமுதல் அங்கேதான் இருந்தார் என்பது அவர் மேல்துண்டில் ஒட்டியிருந்த வைக்கோலில் தெரிந்தது. “விரல் கொடுத்தால் குடிக்கும். நாளைக்கு?”

“நாளையும் கொடுப்பேன், சுவாமி.”

“பங்குனி உத்திரத்துக்குப் பிறகு?”

சிற்றம்பலம் தலைகுனிந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“பாருங்கள், சுவாமி. இரண்டு நாளில் இப்படி ஆகிவிட்டது. இதை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? இதன் பொருட்டாவது என்னை இங்கேயே…”

“போகாதிருக்க உமக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது” என்றார் அடிகள். “அதற்குத்தான் இருபத்தைந்து நாள் பால் ஊட்டினீரா?”

வேடியம்மாள் காய்ச்சிய பாலை வாளியோடு கொண்டுவந்து கீழே வைத்தாள்.

சிற்றம்பலம் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அப்படியானால் விரல் கொடுக்க வேண்டாம் என்கிறீர்களா?”

“நான் ஒன்றும் சொல்லவில்லை. விரல் உம்முடையது.”



சிவகாமி சிற்றம்பலத்தின் குரலைக் கேட்டுவிட்டது. முன்னங்காலை ஊன்றி, விழுந்து, மறுபடி ஊன்றி எழுந்தது. நான்கு காலும் நாலு பக்கம் போக, அவரை நோக்கி வந்தது. அவர் கையில் முகத்தை வைத்து வாயைத் திறந்தது.

கொடுத்தால் இக்கணமே பிழைக்கும். அது அவருக்குத் தெரியும். கொடுத்தால் இனி என்றைக்கும் அவர் கை இல்லாத நாள் அதற்குச் சாவு நாள். அதுவும் இப்போது தெரிந்தது.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை மற்றொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

கன்று அவர் முழங்காலை முட்டியது. வேட்டித் தலைப்பைப் பற்றிச் சப்பியது. அதில் ஒன்றும் வராமல் துப்பியது. அவர் வாளியை அதன்முன் நகர்த்தினார். அது முட்டியதில் வாளி சாய்ந்து பாதிப் பால் தரையில் ஓடியது. வேடியம்மாள் ஓடிவந்து மீண்டும் நிறைத்தாள். கன்றின் பின்னங்கால்கள் மடங்கத் தொடங்கின.

சிற்றம்பலம் அடிகளைப் பார்த்தார். ஐந்தாண்டுகளாய் அவர் பார்த்த போதெல்லாம் அங்கே ஒரு சொல் இருந்தது. சொல் இல்லையேல் ஒரு தலையசைப்பாவது இருந்தது. இன்று அடிகளின் கண்கள் கன்றின்மேல் இருந்தன. வேறொன்றும் இல்லை.

அவரும் திரும்பிக் கன்றைப் பார்த்தார். இத்தனை நாளும் அது தம்மைப் பார்ப்பதையே பார்த்திருந்தவர், இன்றுதான் அதைப் பார்த்தார். முட்டுகிறது, முகத்தை உயர்த்துகிறது. மீண்டும் முட்டுகிறது, மீண்டும் உயர்த்துகிறது. தரையில் உள்ள பால் அதன் அறிவிலேயே இல்லை.

அவர் கைகள் பின்னாலிருந்து பிரிந்தன. குனிந்து வாளியைத் தூக்கினார்.

“ஐயோ, என்ன பண்றீங்க?” என்றாள் வேடியம்மாள்.

அவர் வாளியைக் கன்றின் முகத்துக்கு மேலே, ஒரு பசுவின் மடி இருக்கும் உயரத்துக்குக் கொண்டுபோனார். மெல்லச் சாய்த்தார். உயர்ந்த முகம் விளிம்பில் இடித்தது. உதட்டில் பால் பட்டது. நாக்கு வெளியே வந்து நக்கிப் பார்த்தது. மறுபடி நக்கியது. பிறகு மூக்குவரை உள்ளே விட்டு, உறிஞ்சியது.

ஒரு வாய். இரண்டு வாய்.

அவர் வாளியை ஒரு சாண் தாழ்த்தினார். முகம் தொடர்ந்து தாழ்ந்தது. இன்னொரு சாண். அறுபத்தொரு வயது முதுகு கெஞ்சியது, கைகள் ஆடின. முழந்தாளிட்டார். அங்குலம் அங்குலமாய் இறக்கினார். வாளியின் அடி தரையைத் தொட்டது. அவர் கைகளை எடுத்தார்.

கன்று அதைக் கவனிக்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தது.

“அடி கள்ளி!” என்றாள் வேடியம்மாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தவள், மறுகணமே வாளியைப் பறித்துக்கொண்டாள். “போதும், போதும்! பட்டினி வயித்துல ஒரேயடியா ஊத்தினா கழிச்சல்ல கொண்டு போயிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைக்கலாம். நீங்க வேணா தூக்கிப் பிடிங்க, வாத்தியாரய்யா. ஆனா சாயங்காலம் பாதி உயரந்தான். நாளைக்குத் தரையிலதான்.”

“ஆகட்டும் அம்மா” என்றார் சிற்றம்பலம்.

அன்று மாலை வாளி அவர் முழங்கால் உயரத்துக்குத்தான் போனது. மறுநாள் காலையில் தரையிலேயே இருந்தது. அவர் நாலடி தள்ளி நின்றார். சிவகாமி ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்தது. பிறகு தானே குனிந்தது.

அவர் நேரே அடிகளிடம் போனார். நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து எழுந்தார்.

“சுவாமி, என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நேற்று நான் தவித்து நின்றபோது, வாளியை உயர்த்து என்று தாங்களே எனக்குள்ளிருந்து உணர்த்தினீர்கள். காரைமேட்டில் இருந்தாலும் தாங்கள் இப்படியே உள்ளிருந்து சொல்வீர்கள் என்ற துணிவு வந்துவிட்டது. போய் வருகிறேன்.”



“நான் ஒன்றும் உணர்த்தவில்லை” என்றார் அடிகள். “வாளியை உயர்த்தலாம் என்று எனக்குத் தெரியாது. கன்று செத்துவிடுமோ என்று நானும் அஞ்சித்தான் உட்கார்ந்திருந்தேன். இனி இங்கே ஒரு கன்று குனிய மறுத்தால், காரைமேட்டுக்கு ஆள் அனுப்பி உம்மைத்தான் கேட்பேன். சொல்லி அனுப்பும்.”

சிற்றம்பலம் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

இக்கதையைச் செவிமடுத்தோர் இல்லத்தில் பால் பொங்குக. அவர்கள் கொட்டிலில் தாயுள்ள கன்றும் தாயற்ற கன்றும் வயிறு நிறைந்து துள்ளுக. ஊட்டிய கைகளுக்கும் உண்டு வளர்ந்த உயிர்களுக்கும் சிவன் அருள் என்றும் குன்றாதிருக்க.